அவசரக் கதவு

கட்டட வரைபடங்களுக்காக அலுவலகத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கதவு, ஜன்னல் மாதிரிகளைக் கணினியில் பராமரிப்பவள் தமயந்தி. அந்த அலுவலகம் வரைந்து கொடுத்த மண்டபத்துக்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தவள், தன் மாதிரிப்படி வைத்த அவசரக் கதவைக் கண்டதும் ஆசையாகத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இழுத்தாள், உள்பக்கமாகத் திறந்தது. தீப்பிடித்தால் கூட்டம் தள்ளத்தானே செய்யும்? உடன் வேலை பார்க்கும் ஜெரால்டுக்குப் போன் போட்டாள்.

“நம்ம அவசரக் கதவு மாதிரியை யாருப்பா உள்பக்கமா திருப்பிப் போட்டது?”

“நீங்கதானேக்கா திருத்தி வச்சீங்க. மூணு வருஷமா எல்லாரும் அதைத்தான் எடுக்கிறோம். நேத்து ஆஸ்பத்திரிக்குக்கூட அதான் வச்சேன்.”

மேடையில் ஹோமத்துக்கு நெய் ஊற்றினார்கள். புகை திரண்டு எழுந்தது. தாலி கட்டுவதைப் பார்க்க ஜனம் நெருக்கியது. தமயந்தி கதவை அகலத் திறந்து, முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏசியெல்லாம் வெளிய போவுது, கதவை விடும்மா” என்றபடி கைப்பிடியைப் பற்றினார் மண்டப மேனேஜர்.