செல்லமுத்துவின் தெளிவான படம்

"யாரும் அசையக் கூடாது. யாரு அசையறாங்களோ அவங்க மட்டும் பொகை மாதிரி வுழுவாங்க. பெரியவரப் பாருங்க, எவ்ளோ ஒழுங்கா ஒக்காந்துகினு இருக்காரு!" என்றார் செல்லமுத்து.

நாற்காலியில் இருந்த ராமசாமிப் பெரியவரை, மகன் கண்ணாயிரமும் மருமகள் தங்கமணியும் திரும்பிப் பார்த்தார்கள். கஞ்சி மடிப்புக் கலையாத வேட்டியில் நிமிர்ந்து, கண் மூடி இருந்தார். நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள்.

காலையில் அவர் மயங்கி விழுந்ததும், டாக்டரைக் கூட்டிவரக் கண்ணாயிரம் வண்டி பூட்டினான். அதற்குள் வந்துவிட்ட செல்லமுத்து, பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாடி அடங்கிடுச்சி. வண்டிய அவுத்துடு" என்றார்.

தபாலில் புத்தகம் வரவழைத்து நாடி பார்க்கக் கற்றுக்கொண்டவர் அவர். அதற்கு முன்பு தபால்தலை சேர்த்தார். அதில் ஒரு பூதக்கண்ணாடி மிஞ்சியது. அதற்கும் முன்பு ஆர்மோனியம். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பசு கறவை மறத்தபோது, வாசிப்பதை விடச் சொல்லி ஊரே வந்து கேட்டுக்கொண்டது.

எதை விட்டாலும் கேமராவை மட்டும் அவர் விடவில்லை. வாலிபத்தில் வாங்கியது. இத்தனை வருஷத்தில் ஒரு படமும் தெளிவாக விழுந்ததில்லை. கல்வராயன் மலையை எடுத்தார். அதுவும் கலங்கியிருந்தது.

"மலை எங்கங்க கெளம்பிச்சி?" என்று மனைவி அமிர்தம் கேட்டது மணலூர்பேட்டை முழுக்கப் பரவி, இன்றுவரை ஓயவில்லை.

அதனால்தான் இந்த முறை கேமராவை நிறுத்தப் புதிதாக ஒரு முக்காலி வாங்கியிருந்தார். இனி கேமரா ஆட வழியில்லை. "இதுவும் கலங்கிச்சின்னா கேமரா கெணத்துல கெடக்கும்" என்று சொல்லித்தான் அமிர்தம் அவரை அனுப்பியிருந்தாள்.

கண்ணாயிரத்துக்கும் இந்தப் படம் வேண்டும். பெரியவருக்கு வேறு படமே கிடையாது. காரியத்தன்று மாலை போட இதுதான்.

"வெளிச்சத்த மறைக்காதீங்க" என்று கூட்டத்தைத் தெருவுக்கு விரட்டினார் செல்லமுத்து. மேளச் சத்தத்தில் முக்காலி அதிர்கிறது என்று மேளக்காரர்களையும் அனுப்பிவிட்டார். வாசல் பந்தலில் அவரும் அந்த மூவரும்தான்.

"ரெண்டு பேரும் கையக் கட்டுங்க. எதுக்க பாருங்க."

"மாமா, அவரு மூக்குல ஈ ஒக்காந்துகினு இருக்குது" என்றாள் தங்கமணி.

"பெரியவரே சும்மா இருக்காரு. ஒனக்கு இன்னா? கையக் கட்டு!"

கட்டினாள். செல்லமுத்து கேமராவின் ஷட்டரைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக மூன்று எண்ணினார். எண்ணும்போது கண்ணை மூடினால்தான் அவருக்குக் கவனம் நிற்கும். கண்ணாயிரமும் தங்கமணியும் கேமராவையே வெறித்தபடி மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

"அவ்ளோதான். இப்ப அசையலாம்."

தங்கமணி அவசரமாக ஈயை ஓட்டக் குனிந்தாள். ஈ போய்விட்டிருந்தது.

அன்று சாயங்காலமே பெரியவரைப் பெண்ணையாற்றங்கரையில் எரித்துவிட்டார்கள். சிதை எரியும்போது எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். செல்லமுத்து ஒரு கையால் கும்பிட்டார். இன்னொரு கை சட்டைப்பையில் இருந்த பிலிம் ரோலைப் பிடித்திருந்தது.

காரியத்துக்கு முந்தின நாள், கள்ளக்குறிச்சி ஸ்டுடியோவில் கழுவிப் பெரிதாக்கிய படத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். வீட்டு வாசலிலேயே உறையைப் பிரித்தார்.

"அமிர்தம்! இங்க வா. மலை கெளம்பிச்சின்னு ஊரெல்லாம் சொன்னியே. இப்பப் பாரு!"

அமிர்தம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். நம்பாமல் உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள்.

"கண்ணாயிரத்து சட்டப் பித்தான எண்ணலாம் போல இருக்குதே" என்றாள். "நாற்காலிக் கால்ல விரிசல் கூட தெரியுதுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் பாராட்டியது இதுதான் முதல் தடவை. செல்லமுத்து படத்தின் அடியில் தன் பெயரை எழுத வேண்டும் என்று பேனா தேடினார்.

"பெரியவரு மூக்குகிட்ட மட்டும் இன்னாங்க, பொகை மாதிரி?"

"தங்கமணிதான். ஈ ஓட்டியிருப்பா. அசையாதன்னு எவ்ளோ சொன்னேன்! அவளாலதான் அந்த எடம் கெட்டுப் போச்சி."

அமிர்தம் பூதக்கண்ணாடியைத் தங்கமணி மேல் நகர்த்தினாள். இரண்டு கையையும் இறுக்கிக் கட்டியிருந்தாள். வளையல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. கண்ணாயிரத்திடம் நகர்த்தினாள். அவனும் கட்டிய கையோடுதான் நின்றான்.

கண்ணாடி மெல்லத் திரும்பி வந்து, பெரியவரின் மூக்கருகே நின்றது.

செல்லமுத்து பேனா மூடியைத் திறந்தார்.

"அப்ப ஈ ஓட்டுறது யாரு கைங்க?"