வாசலில் ஆறாவது ஜோடி

அன்று சேலையூர் வீட்டின் மாடிப் போர்ஷனில் இருந்தவர்கள் வீட்டுக்காரர் ஹிதாயத்துல்லா, விசாரணைக்கு வந்த எஸ்.ஐ. கோதண்டம், ஈழத்திலிருந்து அகதியாக வந்து அங்கே குடியிருந்த சிவபாதம், அவர் மனைவி லோகநாயகி, மகள் துஷாந்தினி ஆகிய ஐந்து பேர். கோதண்டத்தின் ஷூவையும் சேர்த்து வாசலில் ஆறு ஜோடி கிடந்தன.

ஆறாவது, ஒரு சிறுவனின் ரப்பர் செருப்பு. தண்ணீர் லாரியே எட்டிப் பார்க்காத அந்தக் கோடையில் அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"பாய், பதிவு பண்ணது மூணு பேரு. இது யாருது? எவனையாவது ஒளிச்சு வெச்சுகினு இருந்தா எல்லாரையும் முகாமுக்கு அனுப்பிடுவேன்."

"ஆளை ஒளிச்சு வைக்கிற குடும்பம் இல்ல சார் எங்களுது. நல்லாத் தேடிக்குங்க."

ஸ்டேஷனில் இவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டவர் ஹிதாயத்துல்லா. அறைக் கதவை அவரே திறந்துவிட்டார்.

கோதண்டம் பரண் வரை தேடினார். யாரும் இல்லை.

லோகநாயகி தலை நிமிராமல் சொன்னாள். "அது எங்கட பெடியன்ட செருப்பு, ஐயா. படகு கவிழ்ந்தபோது கடலோட போனவன்."

கோதண்டம் செருப்பைத் தெருவில் வீசிவிட்டுப் போனார். மறுநாள் காலை அது ஈரமும் கடல் மணலுமாக அதே இடத்தில் கிடந்தது. ஹிதாயத்துல்லா குனிந்து அதை மற்ற செருப்புகளோடு வரிசையாக வைத்தார்.

அவர் வீட்டில் யாரையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு. அது தவறு. அந்தப் பையன் ஒளிந்து வருவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறான்.