பாபின் கிளிப்

மில் பெண்கள் தங்கும் விடுதி அறைகளின் உள்தாழ்ப்பாள்களைச் சூப்பர்வைசர் கழற்றிப்போட்ட மறுவாரம், மில்லில் நூல் சுற்றும் பாபின்கள் நழுவி விழத் தொடங்கின. பாபினைக் கவ்விப் பிடிக்கும் எஃகுக் கிளிப்புகளில் பதினொன்றைக் காணவில்லை. விடுதியில் பதினோரு அறைகள்.

காய்ச்சலில் வேலைக்குப் போகாத மரியபுஷ்பம் இன்று தனியாகப் படுத்திருந்தாள். கதவு அதிர்ந்தது.

“தாழ்ப்பாளே இல்லையே, எப்படிடி பூட்டுன? தொற!” சூப்பர்வைசரின் குரல்.

“அக்காமாரு வரட்டும் சார்.”

அவன் தோளால் மோதினான். தாழ்ப்பாளுக்குப் பதிலாகச் செருகியிருந்த கிளிப் வளைந்தது. நூல்கண்டைத் தாங்கச் செய்த கிளிப், ஆளைத் தாங்குமா? இரண்டு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஷிஃப்ட் முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஆனால் சூப்பர்வைசரைக் காணாத மில் பக்கமிருந்து, அக்காமாரின் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்வது கேட்டது.