சுவரைப் பார்த்துச் சொன்ன சாட்சி

“அவன் பக்கம் என் சேரைத் திருப்பாதீங்க! அவன் மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது” என்று செம்மேடு சமுதாயக் கூடம் அதிரக் கத்தினார் ராசப்பன்.

“நான் மட்டும் இங்க யாரையாச்சும் பாக்கவா வந்திருக்கறேன்?” என்று ஜன்னலிடம் முறையிட்டான் அவருடைய தம்பி செல்வம்.

கடைசியில் அண்ணன் கிழக்குச் சுவரையும் தம்பி மேற்குச் சுவரையும் பார்த்து உட்கார்ந்தார்கள். நடுவில் மேசை போட்டிருந்த அதிகாரி சாயிராவுக்கு இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன.

சாயிரா சென்னையிலிருந்து வந்தவர். மலை முழுக்க ஒரே செல்போன் கம்பெனி, குறிஞ்சி செல். அது இன்னொரு கம்பெனியை மலையேற விடுவதில்லை. அதை இரண்டாக உடைத்து, மலையின் இந்தப் பக்கத்துத் தேவனூர் நாட்டை ஒரு கம்பெனிக்கும் அந்தப் பக்கத்து எடப்புளி நாட்டை இன்னொரு கம்பெனிக்கும் பிரித்துவிடலாமா என்று ஜனங்களிடம் கேட்டு எழுத வேண்டியது அவர் வேலை.

“கண்ணை மூடிட்டு உடைங்க மேடம்” என்றாள் மிளகுத் தோட்டக்காரி பொன்னாயி. “மேகம் கருத்தாலே சிக்னல் போயிருது. கேட்டா, புடிக்கலீன்னா வேற கம்பெனிக்குப் போங்கறான். வேற எங்கீங்க இருக்குது?”

“குறிஞ்சிக்குக் குறிஞ்சி பேசினா காசே இல்லையாமே?” என்று கேட்டார் சாயிரா.

“ஓசிதானுங்க, இல்லீங்கல. ஆனா அலோ அலோன்னு கத்தறதுக்கு எதுக்குங்க போனு? மலையில நின்னு கத்தினா அதுவும் ஓசிதானுங்களே!”

கூடம் கைதட்டித் தீர்த்தது. கை உயர்த்தியவர்கள் எல்லோரும் உடைக்கச் சொன்னார்கள். மிச்சம் இருந்தது அந்த இரண்டு முதுகுகள்தான்.

“இவங்களுக்குள்ள என்ன சண்டை?” என்று உதவியாளர் அர்த்தனாரியிடம் மெதுவாகக் கேட்டார் சாயிரா.

“பாகம் பிரிச்சப்ப ஒரு பலாமரத்துல வந்த வினைங்க மேடம். மரம் அண்ணன் காட்டுல, பழம் உழுகறது தம்பி காட்டுல. இனி மூஞ்சி பாத்துப் பேசறதில்லீன்னு கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டாங்க. சூடம் அணைச்ச சத்தியத்தை எங்க மலையில ஒருத்தரும் மீற மாட்டாங்க. அண்ணன் தேவனூர் நாட்டுலயே இருக்கறாரு, தம்பி எடப்புளி நாட்டுக்குக் குடி போயிட்டாரு.”

“அப்போ கூட்டத்துக்கு எப்படிச் சேர்ந்து வந்தாங்க?”

“சேந்தா வந்தாங்க? நான்தானுங்க இழுத்துட்டு வந்தேன். காலையில இருந்து போன் போட்டா அண்ணன் லைனும் பிஸி, தம்பி லைனும் பிஸி. ரெண்டு பேரு ஊட்டுக்கும் நடந்தே போய்ச் சொன்னேன். காலு ரெண்டும் கழண்டு போச்சுங்க.”

ராசப்பன் எழுந்து கிழக்குச் சுவருக்கு ஒரு கும்பிடு போட்டார். “ஏனுங்க மேடம், உடைச்சுப் போடாதீங்க. பலாப்பழம் முழுசா இருந்தாத்தான் சந்தைக்குப் போகும். அறுத்து வெச்சா ஈதான் மொய்க்கும்.” சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது. ஒரு கம்பெனிக்காக ஒரு மனுஷன் அழுவதைச் சாயிரா அன்றுதான் பார்த்தார்.

அடுத்து செல்வம் எழுந்து மேற்குச் சுவரைக் கும்பிட்டான். “உடைச்சுப் போடாதீங்க மேடம். பலாப்பழம் முழுசா இருந்தாத்தான் சந்தைக்குப் போகும். அறுத்து வெச்சா ஈதான் மொய்க்கும்.” அவனும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ராசப்பனின் மனைவி பாப்பாத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “பொழுது மேக்காலதான் உழுகுமுன்னு எங்க ஊட்டுக்காரர் சொன்னா, அதுக்கும் இல்லீம்பாருங்க எங்க கொழுந்தனார்! இன்னைக்கு என்னங்க இது அதிசயம்?”

சாயிரா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

“எத்தனையோ ஊர்ல கேட்டிருக்கேன். கூடிப் பேசிட்டு வந்து ஒப்பிக்கிற சாட்சிதான் எங்கேயும். பேச்சுவார்த்தையே இல்லாத ரெண்டு பகையாளிங்க ஒரே மாதிரி சொன்னா, அதைவிடச் சுத்தமான சாட்சி உண்டா? உடைக்க வேண்டாம்னுதான் எழுதப் போறேன்.”

பொன்னாயி தலையில் அடித்துக்கொண்டாள். கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் ஆளுக்கொரு பெரிய கும்பிடு வாங்கிக்கொண்டன.

கூட்டம் கலைந்ததும் சாயிரா பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கினார். புறப்பட உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸில் செல்வம் முன் சீட்டில் இருந்தான். கடைசி சீட்டில் ராசப்பன். நடுவில் கோழிக் கூடைகளும் பத்துப் பதினைந்து தலைகளும்.

ராசப்பனுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று சாயிரா கடைசி ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். ராசப்பன் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, முன் சீட்டையே ஆசையாகப் பார்த்தபடி குழைந்துகொண்டிருந்தார்.

“சொல்லிக் குடுத்த பலாப்பழத்தை ஒரு வார்த்தை பெசகாமச் சொன்னே பாரு, நீதான்டா என் தம்பி! ஊட்டுக்குப் போனதும் ஓசியிலயே கூப்படறேன் கண்ணு, இப்பத் திரும்பி மட்டும் பாத்துராத, சாமி குத்தமாயிரும்!”