மூன்றாவது ஒயர்

ஓஷ் சந்தையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே நண்பகல் வெயில் மேசைமேல் வட்ட வட்டமாக விழுகிறது. புருல் மோட்டாரைத் தூக்கி மோந்து பார்க்கிறாள். போன வருடம், அவளுடைய புல் வெட்டும் இயந்திரத்தின் மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிப் பறந்த பொறி, கொட்டகையோடு இரண்டு பசுக்களையும் எரித்துவிட்டது. "இதுல பிரஷ்ஷே கிடையாதுக்கா. மூணு கம்பிச் சுருளும் அசையாம நிக்கும், அதுக்குக் கரண்ட் மாறி மாறிப் போகும், காந்தம் மட்டும் சுத்தும். உரசினாத்தானே பொறி? மூணு ஒயர் இருக்கு பாருங்க," என்கிறான் கடைக்காரன் மிர்லான். "ஒட்டவச்சா முப்பது ஒயர்கூடக் காட்டலாம்," என்றபடி அவள் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து முறுக்கி, மோட்டாரின் தண்டைத் திருகுகிறாள். சேற்றில் மாட்டிய சக்கரம்போல் இறுகுகிறது. மிர்லான் சிரித்துக்கொண்டே தேநீர்க் கிண்ணத்தை எடுக்கிறான். கறுப்பைப் பிரித்துவிட்டு மஞ்சளைச் சேர்க்கிறாள். பிரஷ் இல்லாத மோட்டார் என்றால், எந்த இரண்டைச் சேர்த்தாலும் இறுகத்தான் வேண்டும். ஆனால் தண்டு பம்பரமாய்ச் சுழல்கிறது. "மஞ்சள் ஒயர் சும்மா ஒட்டினது. உள்ள பழைய பிரஷ் மோட்டார்தான்," என்கிறாள். மிர்லான் அதைப் பிடுங்கித் தானே திருகிப் பார்க்கிறான். பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுக்கிறான், பிறகு இன்னொன்று. சிவப்போடு மஞ்சளைச் சேர்த்துத் திருகினால் எல்லாமே சுழல்கின்றன. "எங்க மச்சான் வாங்கியாந்த சரக்குக்கா இது," என்கிறான், குரல் இறங்கி. புருல் அவன் முகத்தையே பார்க்கிறாள், நடிப்பாகவும் இருக்கலாம். கடைக்குப் பின்னால் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்த மச்சான் தலை நிமிரவில்லை. ஆனால் அவன் வாய் மெல்லுவதை நிறுத்தியிருக்கிறது.