பேட்டரி ஃபுல்

"பாத்ரூம்ல யாரு? லைட்டை அணைச்சிட்டு வரணும், தெரியுதா?" என்று கூடத்திலிருந்தே கத்தினார் வீட்டுக்காரர். உள்ளே இருந்தது, அப்போதுதான் வந்து இறங்கியிருந்த மச்சான்.

"அய்யோ, மெதுவா! எங்கண்ணன் காதுல விழப்போகுது" என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

வெளிக் கரண்டே வேண்டாம் என்று இணைப்பைத் துண்டித்துவிட்டு, மாடியில் சோலார், படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி, அறைக்கு அறை எல்இடி என்று மாற்றியதிலிருந்து அவருக்கு இதே வேலை. மிக்ஸி போட்டால் கத்தல், இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் கத்தல். அப்படியும் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் வீடு இருண்டுவிடும். எரிச்சலில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரு வாரமாகத்தான் நிலைமை தேவலை. எத்தனை லைட் எரிந்தாலும் பேட்டரி 'ஃபுல்' என்றே காட்டியது. அந்தத் தெம்பில்தான், முதல் நாளிலிருந்தே கிண்டலடித்த மச்சானை, "சாயங்காலம் வந்து கண்ணாலே பாருங்க" என்று வரவழைத்திருந்தார். இன்றைக்கு அவர் முன்னால் மானம் போனால், பிறகு சொந்தபந்தத்தில் தலைகாட்ட முடியாது.

மச்சான் சாப்பிட உட்கார்ந்தார். முதல் வாய் வைப்பதற்குள் வீடே இருண்டது.

"என்ன மாப்பிள்ளை, சூரியன் தூங்கப் போயாச்சா?"

செல்போன் வெளிச்சத்தில் படிக்கட்டுக்கு அடியில் புகுந்தார் வீட்டுக்காரர்.

"ஃபுல்லுன்னு காட்டுதே! அப்புறம் எந்த எழவுக்கு எரிய மாட்டேங்குது?" பேட்டரியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். ஆத்திரத்தில் அவருக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

போன வாரம் வந்து ஒயரையெல்லாம் சரிபார்த்துவிட்டுப் போன எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். "யோவ், நல்லா இருப்பியாய்யா நீ? என் மானத்தை வாங்கிட்டியே!"

"அவரை ஏன் திட்டுறீங்க? கத்தாதீங்க, இப்ப வந்துடும்" என்றாள் மனைவி.

"எங்கேருந்துடி வரும்? சூரியன் நாளைக்குத்தான் வரும்!"

மச்சான் இருட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மனைவி சமையலறை ஜன்னலைச் சாத்த ஓடினாள். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"அக்கா, தெருவுக்கே கரண்ட் போயிடுச்சு, எங்க வீட்டுக்கு வந்தாத்தானே உங்க வீட்டுக்கு வரும்!"