தண்ணீரில் சுழலும் கல்

'இன்றோடு எழுபத்தொரு நாள். இன்றைக்காவது அந்த வாயிலிருந்து "போயிட்டு வாறன்" என்று ஒரு சொல் வராதா?'

மனதுக்குள் கேட்டுக்கொண்டே ரூபிகா மீன் வெட்டும் கத்தியோடு பல்கனிக்கு வந்தாள்.

"இஞ்ச தா பிள்ளை." சிவமணி மச்சாள் திரும்பாமலே கையை நீட்டினார்.

ரூபிகா பிடியை அவர் பக்கம் திருப்பி, மரியாதையாக அந்தக் கையிலேயே கொடுத்தாள்.

மச்சாள் ரூபிகாவின் கணவன் கஜீவனின் மூத்த அக்கா. ஓய்வுபெற்ற மனையியல் ரீச்சர். கல்கிசையில் தனியாக இருப்பவர். வீட்டுக்கு மாபிள் பதிக்கிறார்கள், பத்தே பத்து நாள் என்று சொல்லி ஒரு சூட்கேசோடு வெள்ளவத்தை ஃபிளாட்டுக்கு வந்தார்.

வந்த மூன்றாம் நாள் மீன் வெட்டக் கத்தி கேட்டார். ரூபிகா கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள். மச்சாள் கத்தியைப் பார்த்தார். ரூபிகாவைப் பார்த்தார்.

"மொட்டை," என்றார்.

அடுத்த நாளே ரூபிகாவையும் இழுத்துக்கொண்டு புறக்கோட்டைக்கு பஸ் ஏறினார். கடைக்காரர் முதலில் காட்டிய தீட்டுகிற மெஷினில் பொறி பறந்தது.

"மேக்க ஹரி இக்மன், நோனா!" இது சரியான வேகம் என்று சிங்களத்தில் புகழ்ந்தார்.

"எப்பா. வத்துர தியன எக்க," வேண்டாம், தண்ணீர் உள்ளதுதான் வேண்டும் என்று மச்சாள் மூலையில் இருந்த மற்றதைக் காட்டினார். அதில் ஒரு பெரிய வட்டக் கல், தண்ணீர்த் தொட்டிக்குள் பாதி அமிழ்ந்தபடி மெதுவாகச் சுழலும். சரியான பாரம்.

"ஏன் மச்சாள், மற்றது கெதியா வேலை செய்யுமாமே?"

"செய்யும். சூடேறி அலகின்ர பதம் போயிடும். தண்ணி எண்டால் எல்லாத்தையும் தணிச்சுப்போடும்."

அன்று பல்கனி ஸ்டூலில் குந்திய மெஷின்தான், பிறகு எழும்பவேயில்லை. பக்கத்தில் மச்சாள். வீட்டுக் கத்திகள் முடிந்ததும் மாடி மாடியாகக் கத்தி வரத் தொடங்கியது. மூன்றாம் மாடி லுத்பியாவின் இறைச்சிக் கத்தி. கீழே வாசல் காக்கும் வோச்சரின் புல்லு வெட்டுகிற கத்தி. எல்லாவற்றையும் ரூபிகாதான் கதவடியில் வாங்கி, சலிக்காமல் ஒவ்வொன்றாக மச்சாளின் கையில் கொடுத்தாள். மச்சாள் வாங்கிய கையோடு தொட்டிக்குள் ஒருமுறை தோய்ப்பார். பிறகுதான் கல்லில் வைப்பார்.

"மச்சாளும் மச்சாளும் எழுபது நாளா ஒரே குசினிக்குள்ள," என்று இன்று காலையில்கூடக் கஜீவன் சப்பாத்துப் போட்டபடி பெருமைப்பட்டான். "ஒரு சத்தம் இல்லை! ஒஃபிஸில சொன்னால் ஒருத்தனும் நம்பமாட்டான்."

ரூபிகாவுக்கு அழுகை வரும்போல இருந்தது.

இதில் போன கிழமை நடந்தது வேறு கதை. "ஊரில உள்ளவையின்ர எல்லாம் வந்திட்டுது. உன்ர எண்டு ஒண்டும் இல்லையோ?" என்று மச்சாள் கேட்டார். கலியாணம் முடித்து இந்த ஒன்பது வருடத்தில் யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. மேசை லாச்சியின் அடியில் துருவேறிக் கிடந்த தையல் கத்தரிக்கோலை எடுத்துவந்து கொடுத்தாள். அதற்கென்றே மச்சாள் ஒரு பின்னேரம் முழுவதையும் செலவழித்தார். மறுநாள் துணியில் வைத்ததும் அது ஓடிய ஓட்டத்தில் ரூபிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சந்தோசப்பட்டதற்காகத் தன்மீதே கோபமும் வந்தது.

இப்போது மச்சாள் மீன் கத்தியைத் தீட்டி முடித்து, பேப்பர் ஒன்றைக் கீறிப் பார்த்தார். சத்தமேயில்லாமல் இரண்டாகியது.

"நாளைக்குப் போறன், பிள்ளை."

காத்திருந்த சொல்தான். வந்தபோது இனிக்கவில்லை.

"மாபிள் வேலை முடிஞ்சுதோ?"

"அது முடிஞ்சு ஒண்டரை மாசம். வெறும் வீட்டுக்குப் போக மனம் வரேல்லை." மச்சாள் மெஷினை நிறுத்தினார். "நீயும் பாவம். உன்னால ஏலுமானதெல்லாம் செய்து பாத்தனி."

"நான் என்ன செய்தனான்?"

"வெட்டுற சாமானைக் கையில குடுத்தால் சண்டை வந்து பிரிஞ்சு போவினம் எண்டு எங்கட ஆக்களில தெரியாத பொம்பிளை ஆர்? மூண்டாம் நாளில இருந்து ஒரு கத்தியை மேசையில வைச்சியோ? எல்லாம் கையில. அதுவும் பிடியைத் திருப்பி, மரியாதையா!"

ரூபிகாவின் காது இரண்டும் கொதித்தன. "அப்ப ஏன் ஒண்டும் நடக்கேல்லை?" வாய் தவறி வந்துவிட்டது.

"வாங்கின உடனை தண்ணியில தோய்ச்சால் அது பலிக்காது எண்டு அம்மா சொல்லுவா." மச்சாள் தொட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். "பின்னை என்னத்துக்கு இந்தப் பாரத்தைப் புறக்கோட்டையில இருந்து காவினனான் எண்டு நினைச்சனி?"

சிரித்தபடியே தொட்டியைக் கழற்றி, தண்ணீர் முழுவதையும் பூச்சாடிக்குள் ஊற்றினார்.

"மெஷின் இனி உனக்கு. அந்தக் கத்தரிக்கோலை ஒருக்காத் தா, எண்ணெய் போட்டுவிட்டுப் போறன்." பழையபடி கையை நீட்டினார்.

ரூபிகா போய் எடுத்து வந்தாள். நீட்டிய கையைப் பார்த்தாள். காலியாக இருந்த தொட்டியைப் பார்த்தாள்.

"கையில தரமாட்டன், மச்சாள்," என்று மெதுவாகச் சொல்லி, கத்தரிக்கோலை ஸ்டூலில் வைத்தாள்.